சுயவிவரத்தில் பூசி மெழுகலாமா?

கொட்டச்சேட்டுக் காபித் தோட்டத்தில் ஒருவரிடம், இன்று என்ன வேலை செய்தீர் என்று கேட்டால் பதில் நேராக வரும். இத்தனை கிலோ பழம் பறித்தேன், இயந்திரத்தில் தோல் நீக்கினேன், கொட்டையைக் கழுவிக் களத்தில் காய வைத்தேன் என்பார். அதே சேர்வராயன் மலையிலிருந்து பெங்களூர் அலுவலகத்துக்குப் போகும் வாலிபரின் சுயவிவரத்திலோ, "செயல்முறைகளைத் தானியங்கி முறைக்கு உருமாற்றி, நிறுவனத்தின் திறனைப் பன்மடங்கு உயர்த்தினேன்" என்றிருக்கும். நடந்தது என்ன? கையால் போட்டு வந்த ஒரு கணக்குப் பட்டியலைக் கம்ப்யூட்டரே போடும்படி நான்கு பேர் சேர்ந்து புரோகிராம் எழுதினார்கள். நால்வரில் இவர் ஒருவர். நல்ல வேலைதான். அதை அப்படியே சொல்ல நாவு கூசுவானேன்?

தன் தகுதியைத் தானே சொல்வது பெருமையடிப்பு என்று நம் பெரியவர்களில் சிலர் கூறக்கூடும். அது சரியன்று. யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள். பாதுகாக்கவும் தெரியும், அதற்கான அறிவும் உண்டு என்று சொன்னதைத் திருமறையின் 12-வது அத்தியாயத்தில் காண்கிறோம். இரண்டே தகுதிகள், இரண்டும் சோதித்துப் பார்க்கக் கூடியவை.

"நான் பொய் எழுதவில்லையே!" என்பார் வாலிபர். இங்குதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கேட்பவர் வேறாக விளங்கிக் கொள்ளும்படிப் பேசுவதைத் 'தவ்ரியா' என்பர். தக்க தேவைக்கு அதை அனுமதிக்கும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், உரிமையில்லாததை அடையவோ பிறர் உரிமையைத் தடுக்கவோ அது வழியானால் ஹராம் என்று 'அல்-அத்கா'ரில் எழுதுகிறார்கள். இங்கே மற்ற மூவரின் பங்கு மறைகிறது. முதலாளியோ இல்லாத திறமைக்குச் சம்பளம் பேசுகிறார்.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் (முஸ்லிம்). காபி காய வைப்பவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்று பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் கம்ப்யூட்டர்தான் சலிக்கிறது. எதிர்பார்க்கும் சொற்கள் இல்லையென்றால் ஒதுக்கி விடும். பிழைப்பு என்னாவது என்ற கவலை நியாயமே. அத்தொழிலுக்குரிய சொற்களை எழுதுவது ஆகுமானதே. ஆனால் கூடவே, என்ன வேலை, எத்தனை பேர் செய்தது, முன்பு எத்தனை மணி நேரம், இப்போது எத்தனை என்பதும் இருக்கட்டும். அந்தப் புரோகிராமால் இரண்டு குமாஸ்தாக்களுக்கு வேலை போயிருந்து, நேர்முகத்தில் அதைக் கேட்டால், அதையும் சொல்லத்தான் வேண்டும்.