பிடி தளரும் இடம்

விடிந்தும் விடியாத வேளை. உடப்புக் கரையில் கரைவலை இழுக்கிறார்கள். குதிகால் மணலில் புதைய, உடல் பின்னால் சாய, ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். வலையின் மடி இன்னும் தூரத்தில் கிடக்கிறது. எனக்கு முன்னால் நிற்கும் பெரியவரின் முன்கையில் நரம்பு புடைத்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

அந்த முன்கையின் தசை உழைக்க உழைக்கக் காபனீரொட்சைட்டு பெருகுகிறது. குருதியில் கரைந்து அமிலமாகிறது. அமிலம் என்றால் பயப்பட வேண்டாம். 7.4 என்று நிற்கும் குருதியின் பி.எச். அளவு அவ்விடத்தில் ஒரு துளி இறங்கும், அவ்வளவுதான். செங்குழியத்துக்குள் ஈமோகுளோபின் என்ற புரதம் நான்கு இரும்பணுக்களில் ஒட்சிசனைப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அமிலம் வந்து தொட்டதும் அதன் உருவம் சற்றே திரும்புகிறது. பிடி தளர்கிறது. ஒட்சிசன் தசைக்குப் போய்ச் சேர்கிறது. 1904இல் கோப்பன்ஹேகனில் கிறிஸ்டியன் போரும் அவரோடு உழைத்தவர்களும் இதைக் கண்டு சொன்னார்கள்.

சும்மா இருக்கும் உடம்பில் இந்தப் புரதம் கொண்டுவந்ததில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் இறக்கிவைக்கும். மீதி அப்படியே திரும்பிவிடும். களைத்த இடத்தில்தான் கை தாராளமாக விரிகிறது. கழிவென்று நான் நினைத்திருந்த காற்றே அங்கே போய், இங்கே ஒருவன் பாடுபடுகிறான் என்று சொல்கிறது. யாருடைய கருணை இவ்வளவு சிறிய இடத்தில் இப்படி ஒளிந்திருக்கிறது! நுரையீரலுக்குத் திரும்பியதும் காபனீரொட்சைட்டு வெளியேறும், அமிலம் தணியும், பிடி மறுபடி இறுகும். கொடுத்த கையே வாங்கும் கையாகிறது.

திரௌபதை அம்மன் சந்நிதியில் கண்மூடி மூச்சை அடக்கியிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டும், மூச்சை விடு என்று உள்ளே ஒன்று கெஞ்சும். ஒட்சிசன் தீர்ந்துவிட்டதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் அது உள்ளே ஏறிய காபனீரொட்சைட்டின் குரல். தெரிந்த பிறகு அந்த முட்டலோடு எனக்குப் பகையில்லை. அது கேட்கும்போது விட்டுவிடுகிறேன்.

மடி கரையைத் தொடுகிறது. அம்பா நின்றுவிட்டது. பெரியவர் கயிற்றை மணலில் போட்டுவிட்டு, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, வாய் திறந்து மூச்சு விடுகிறார்.