பூனைக்கு அழுதல் தகுமோ?

எவ்வுயிரிடத்தும் அன்பு செலுத்துக என்றும், பற்றினை அறுக்க என்றும் நமது தம்மம் ஒருங்கே போதிக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்லவோ என்னும் ஐயம், புதிதாகத் தம்மத்தைத் தழுவினோர்க்கு மட்டுமன்றி, மூன்று தலைமுறையாகப் பௌத்தராய் வாழ்வோர்க்கும் அவ்வப்போது எழுகின்றது. பெரிய மரணங்களின்போது இவ்வையம் எழுவதில்லை. தாயை இழந்தவன் அழுவதை யாரும் வினவார். சிறிய மரணத்தின்போதுதான் அது தலைதூக்குகின்றது. பதினான்கு ஆண்டுகள் வளர்த்த பூனையை இழந்து அழுத ஒரு மூதாட்டியாரை, "ஆசையை விடச் சொல்லும் மதத்தில் இருந்துகொண்டு, போயும் போயும் பூனைக்கு அழுகிறீர்களே அம்மா" என்று அண்டை வீட்டார் நகைத்தனராம். அவ்வம்மையார் அதனை நம்மிடம் ஒரு வினாவாகவே கொண்டுவந்தார். இவ்வினா நகைப்பிற்குரியதன்று என்பது நமது துணிபு.

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளை அறிந்தோர்க்குப் பூனையின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் சிறு வீடுகள் அவை. ஒரு வீட்டின் எலி மறு வீட்டிற்குச் செல்லக் கதவைத் தேடுவதில்லை. 1898-ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானத்தினுள் பிளேக் நோய் புகுந்த பின்னர், எலி என்பது அரிசியைத் தின்னும் தொல்லையாக மட்டும் இருக்கவில்லை. மரணத்தையே முதுகிற் சுமந்து வருவதாயிற்று. ஆகவே பூனையை முதலில் பயன் கருதியே வீட்டிற்குள் விட்டனர். பயன் கருதி விட்டதற்குக் கருவாட்டுத் தலையை எடுத்துவைப்பதும், அதன் வரவை நோக்கிக் கதவைச் சற்றே திறந்துவைப்பதும் எவ்வாறு வந்தன என்று கேட்டால், அன்பு வரும் வழி எப்போதும் அதுவேயாம்.

சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறை வெடித்துச் சரிவது புதுமையன்று. ஷிப்டுக்குச் சென்றவர் மீண்டு வருவாரோ என்று திண்ணையில் அமர்ந்து விழித்திருந்த மனைவிமார் மடியில், பல இரவுகளில் வேறு துணை இருந்ததில்லை. பின்னர் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நம் இளைஞர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்புகின்றனர். பகல் முழுதும் லைனில் எஞ்சியிருப்போர் முதியோரே. பேச்சுக்குச் செவி கொடுக்க அவர்கள்பால் இருப்பது பெரும்பாலும் ஒரு பூனைதான். அதனை இழப்பது என்பது பகல் முழுவதையும் இழப்பதாகும். நகைத்தவர்கள் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பூனையைப் பற்றி நம் நாட்டார் கொண்ட எண்ணங்களையும் இங்கே சிறிது நோக்குதல் வேண்டும். குறுக்கே சென்றால் அபசகுனம் என்பர். அப்பேச்சை நாம் விரித்துக் கண்டிப்பதற்கில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழின் வழிவந்தோர்க்கு அது தேவையற்றது. ஆயின் மற்றொன்று உண்டு. பூனையைக் கொன்றவன் பொன்னால் ஒரு பூனை செய்து தானம் அளித்தால் பாவம் நீங்கும் என்பது வைதீகர் வழக்கு. பொன்னைத் தோண்டித் தோண்டி நுரையீரல் கெட்ட நம் முன்னோரின் கையில் குன்றிமணி அளவும் தங்கியதில்லை. அவர்கள் பொற்பூனைக்கு எங்கே போவர்! இதனை ஒரு புறம் வைத்து, மனு நூலின் பதினொன்றாம் அத்தியாயத்தைக் காண்க. பூனை, கீரி, தவளை, நாய், உடும்பு, ஆந்தை, காக்கை இவற்றுள் ஒன்றைக் கொன்றவன், சூத்திரனைக் கொன்றதற்குரிய பிராயச்சித்தத்தையே செய்க என்று அங்கே விதிக்கப்பட்டுள்ளது. சூத்திரனின் உயிரும் பூனையின் உயிரும் ஒரு விலை! சூத்திரனுக்கும் கீழே தள்ளப்பட்டோரின் விலையை அங்கே தேடுவதே வீண். 1927 டிசம்பர் 25-ஆம் நாள் மகாடு நகரில் டாக்டர் அம்பேத்கர் அந்நூலைத் தீயிலிட்டதன் நியாயம் இவ்வொரு விதியைக் கண்டாலே விளங்கும்.

ஆனால் இதிலிருந்து நம்மவருட் சிலர் பெறும் முடிவு நமக்கு உடன்பாடன்று. "எங்களைப் பூனைக்கு ஒப்பிட்டார்கள், நாங்கள் பூனையல்லோம்" என்று கூறி, பூனையை இழிந்ததென்று காட்டுவதனால் தம்மை உயர்த்திக்கொள்ள முயல்வோர் உண்டு. பூனைக்கு அழும் முதியவளைக் கண்டு அவர்கள் நாணுவதும் இதனாலேயே. மனுவின் குற்றம் பூனையின் உயிருக்கு ஒரு மதிப்பு வைத்தமையன்று. உயிர்களையெல்லாம் விலைப்பட்டியலில் ஏற்றி, மேலோர் கீழோர் என்று வரிசை நிறுத்தியமையே குற்றம். அவ்வரிசையில் நமக்கு மேலான ஓர் இடத்தைக் கேட்டு நாம் தம்மத்திற்கு வரவில்லை. அவ்வரிசையே பொய் என்று கண்டு வந்தோம். வந்த பின்னர், நமக்குக் கீழே நிறுத்த ஒரு பிராணியைத் தேடுவோமாயின், விட்டு வந்த வீட்டின் தூணையே தோளில் தூக்கி வந்தவர்கள் ஆவோம்.

இனி வினாவிற்கு வருவோம். அழுதல் தகுமோ?

ஜாதகக் கதைகளுள் 'மிகபோதகம்' என்று ஒன்று உளது. காசி நாட்டான் ஒருவன் துறவு பூண்டு இமயத்தில் வாழ்கையில், தாயை இழந்த மான்குட்டி ஒன்றைக் கண்டெடுத்துப் பிள்ளையெனப் போற்றி வளர்த்தான். அஃது ஒருநாள் அளவு மீறிப் புல்லைத் தின்று, செரியாமையால் இறந்தது. துறவி அரற்றினான். போதிசத்துவராகிய சக்கரன் தோன்றி, வீட்டைத் துறந்தவனுக்கு இறந்ததன்பொருட்டு அழுதல் அழகன்று என்றான். கூடி வாழ்ந்தால், அது மனிதனாயினும் விலங்காயினும், நெஞ்சில் அன்பு பிறக்கின்றதே, அதனை எவ்வாறு மறப்பேன் என்று துறவி விடையிறுத்தான். அழுகையினால் இறந்தோர் எழுவராயின், உலகத்தார் அனைவரும் கூடி நின்று அழுது தம்தம் உறவினரை மீட்டுக்கொள்ளலாமே என்று சக்கரன் கூறத் துறவி தெளிந்தான்.

நகைத்தவர்களுக்கு இக்கதை சாதகமானது போலத் தோன்றும். ஆயினும் கூர்ந்து நோக்குக. சக்கரன் கண்டித்தது துறவியை. 'வீட்டைத் துறந்த உனக்கு' என்றே அவன் தொடங்குகின்றான். மேலும், மானுக்கு அழுகின்றாயே என்று அவன் இகழவில்லை. மானுக்கென ஒரு நியாயமும் மகனுக்கென ஒரு நியாயமும் அவன் கூறவில்லை. சாவு அனைத்திற்கும் ஒன்றே என்றான். பூனைக்கு அழுவது பேதைமையென்றால் கணவனுக்கு அழுவதும் அதே பேதைமையாம். ஒன்றை மட்டும் நகைப்பவர் தம்மத்தைக் கொண்டு நகைக்கவில்லை. பழைய வழக்கத்தைக் கொண்டே நகைக்கின்றனர்.

இல்லறத்தாரின் நிலை வேறு. விசாகை என்னும் உபாசிகை தன் பேர்த்தியை இழந்து, ஈரக் கூந்தலோடு பகவரிடம் வந்தாள். எத்தனை பேரிடம் பிரியமோ அத்தனை துக்கம் என்பதைப் பகவர் அவளுக்கு எண்ணிக்கை இட்டே காட்டினார். நூறு பிரியத்திற்கு நூறு துக்கம். இஃது அன்பைத் தடை செய்யும் ஆணையன்று. அன்பின் கணக்கை மறைக்காமல் எடுத்துரைத்தல். ஆனந்தர், ஆசிரியரின் இறுதி நாளிற் கதவருகே நின்று அழுதார். பகவர் அவரை அழைப்பித்து, பிரியமான யாவற்றினின்றும் பிரிவு உண்டென்று முன்னமே கூறவில்லையா என்றார்; உடனேயே, நெடுங்காலம் அவர் செய்த அன்பு மிக்க தொண்டினை அனைவரும் கேட்கப் புகழ்ந்தார். அழுகையை நிறுத்தச் சொன்னவர் அன்பை நிறுத்தச் சொல்லவில்லை. நம் வினாவிற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

எனினும் தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு இதனினும் அண்மையில் ஒரு சான்று உண்டு. மணிமேகலையிலே, மகன் உதயகுமரன் வெட்டுண்டு இறந்தமையால் இராசமாதேவி துயருற்று, மணிமேகலையைக் கொடுமைகள் பல செய்கின்றாள். எல்லாக் கொடுமையையும் தாங்கிய அவள் தேவியை நோக்கி வினவுகின்றாள்: நீ வருந்துவது மகனது உடம்பின்பொருட்டாயின், அதனை ஈமத்திற்கு அனுப்பியவர் யார்? உயிரின்பொருட்டாயின், அது சென்று புகுந்த இடம் உனக்குத் தெரியாது. ஆகவே அவ்வுயிரை நேசிப்பது மெய்யானால், எல்லா உயிரிடத்தும் நீ இரக்கம் கொள்ள வேண்டுமன்றோ? நோயாளிக்கு மருந்து கொடுப்பதுபோலத் தன்னைத் துன்புறுத்தியவளுக்கு அவள் இதனைக் கொடுத்தாள். சாத்தனாரின் இவ்விடத்தை நம் இல்லங்களில் அடிக்கடி வாசிக்க வேண்டும். துக்கத்தை மறக்கச் சொல்லாமல், குறுகிய துக்கத்தை அகலப்படுத்தச் சொல்வது வேறெந்தக் காப்பியத்திலும் நாம் இத்துணைத் தெளிவாகக் கண்டதில்லை.

இந்த உரைகல்லில் நம் பூனையன்பைத் தேய்த்துப் பார்ப்போமாக. தாய்ப்பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகின்ற அதே வீட்டில், அது ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சயனைடு மேட்டிற்கு அப்பால் விட்டுவருவதில்லையா? கண் திறவாத குட்டி அங்கே எத்தனை நாழிகை உயிரோடிருக்கும்? அசோக மன்னர் தமது ஐந்தாம் தூண் சாசனத்தில், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும், சினையுற்ற அல்லது பாலூட்டும் ஆடு முதலியவற்றையும் கொல்லலாகாது என்று பொறித்தார். இரண்டாம் பாறைச் சாசனத்திலோ, தம் நாட்டில் மட்டுமன்றிச் சோழ பாண்டிய நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைக் கூறுகின்றார். ஒரு பூனைக்குக் கண்ணீரும் அதன் குட்டிகளுக்குச் சாக்கும் என்றால், அழப்பட்டது பூனையன்று. நமது வழக்கம் குலைந்ததற்கே அழுதோம். அறுபத்து மூன்று நாள் அளவில் குட்டி ஈனும் பிராணிக்கு, உரிய காலத்தில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்வித்தல் இன்று இயலும்.

பூனை எலியைக் கொல்கின்றதே, கொல்லும் பிராணியைப் பேணுவது முதற் சீலத்திற்கு விரோதமாகாதோ என்று கேட்பாரும் உளர். கருமம் என்பது எண்ணமே என்றார் பகவர். பூனையின் பசியில் நம்முடைய எண்ணம் இல்லை. எலியைப் பிடித்து அதன்முன் விட்டு வேடிக்கை பார்ப்பவனிடத்தில் எண்ணம் உண்டு. இதற்குமேல் இதனை நீட்டுவது வாதப் பிரியர்க்கே உதவும்.

அழுதவர்க்கு உலகம் கூறும் மருந்துகள் இரண்டு. ஒன்று, வேறு பூனை வளர்த்தல்; மற்றொன்று, மனத்தை ஒரு பொழுதுபோக்கில் செலுத்துதல். இரண்டிலும் உண்மை சிறிது உண்டு. தங்கவயலில் பொழுதுபோக்கிற்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஹாக்கியும் கால்பந்தும் இங்கே புகழ்பெற்றவை. புறா வளர்ப்போரும், தகர டப்பாவில் ரோஜாப் பதியன் போடுவோரும், கேரம் பலகையின்முன் அமர்ந்தால் சோற்றை மறப்போரும் உண்டு. ஷிப்டு வேலையில் எட்டு மணி நேரத்தைப் பிறர்க்கு விற்றவர்க்கு எஞ்சிய நேரம் பொன்னினும் பெரிது. ஓய்வு பெற்றவர்க்கோ அந்த நேரமே சுமை. சிங்காலோவாத சுத்தத்தில் பகவர் இல்லறத்தாரின் செல்வம் அழியும் வாயில்களாகக் குடியையும், சூதையும், வேளையற்ற வேளையில் தெருவில் திரிதலையும், களியாட்டங்களையும், தீய நட்பையும், சோம்பலையும் கூறினார். ரோஜாப் பதியனைக் கூறவில்லை. துக்கத்தோடு சாராயக்கடைக்குச் சென்றவர் வெறுங்கையோடு வந்ததையும், மண்வெட்டியை எடுத்தவர் நான்கு செடிகளோடு நின்றதையும் நாம் லைன்தோறும் கண்டிருக்கின்றோம். கையால் செய்யும் காரியத்தில், துக்கம் ஓடி ஒளிவதில்லை. அருகே அமர்ந்திருக்கின்றது, ஆயின் கழுத்தைப் பிடிப்பதில்லை.

புதுப் பூனை பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் முன்னைப் பூனையின் பெயரையே பின்னைப் பூனைக்கும் இடுவதுண்டு. தேரிகாதையின் உப்பிரி, ஜீவா என்னும் மகளை எரித்த சுடலையில் அவள் பெயர் சொல்லி அரற்றுகையில், ஜீவா என்னும் பெயருடைய எண்பத்து நான்காயிரம் பேர் இச்சுடலையில் எரிந்தனர், அவர்களுள் எவளுக்காக அழுகின்றாய் என்று பகவர் கேட்டார். அவள் தெளிந்தாள். ஒரே பெயரில் நான்காம் பூனையை வளர்க்கும் பாட்டிமார்க்கு இக்கதையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. இடையில் சில மாதம் விட்டே அடுத்ததைக் கொள்க என்பது மட்டும் நமது யோசனை. புதியது புதியதாகவே நோக்கப்படுவதற்கு அதற்கும் உரிமை உண்டு.

ஜப்பான் தேசத்தில் பகவரின் பரிநிர்வாணத்தைத் தீட்டும் ஓவியங்களில், யானை முதல் பறவை ஈறாக எல்லா உயிர்களும் சூழ்ந்து நின்று அழும். பூனை மட்டும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அதற்குக் கதைகள் பல கற்பித்துள்ளனர். கியோட்டோ நகரத்துத் தோஃபுகுஜி விகாரைக்கு 1408-இல் மின்சோ என்னும் பிக்கு தீட்டிய பேரோவியத்திலோ பூனையும் உண்டு. விடுபட்ட ஒன்றைச் சேர்த்து வரைந்த அந்தப் பிக்குவின் கையை, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் மக்களாகிய நாம் சற்றுக் கூடுதலாகவே மதிக்கின்றோம்.

இறந்த பூனைக்குக் கிரியை ஏதும் உண்டோ என்றும் அம்மையார் கேட்டிருந்தார். மந்திரமும் தட்சிணையும் வேண்டா. நாய் பறிக்காத ஆழத்தில் குழி தோண்டி அடக்கம் செய்க. அன்று மாலை வீட்டார் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, பிரியமான அனைத்தும் மாறும், பிரியும் என்று ஆண் பெண் இருபாலாரும் நாள்தோறும் சிந்திக்குமாறு பகவர் அருளிய அந்தச் சிந்தனையைக் குழந்தைகளுக்கும் விளங்கும்படி ஒருமுறை சொல்லுக. அதற்கென எடுத்துவைத்த கருவாடு மீதியிருந்தால் தெருப்பூனைக்கு இடுக. அழுகை வந்தால் அழட்டும்.