விழுப்புண்ணும் விண்ணப்பமும்

வீரனின் மார்பில் பட்ட புண்ணுக்கு விழுப்புண் என்று நம் முன்னோர் பெயரிட்டார்கள். அத்தகைய புண் படாத நாளை வீரன் வீண்நாளாக எண்ணுவான் என்றார் வள்ளுவர். புறநானூற்றில் ஒரு பெண் மனையில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, காஞ்சிப்பண் பாடித் தலைவனின் புண்ணைக் காக்கத் தோழியை அழைக்கிறாள். நெஞ்சை உருக்கும் பாட்டு அது. ஆயினும் அதில் புண்பட்டுக் கிடப்பவன் பேசுவதில்லை. அவன் வாய்திறந்து, "எனக்கு மருந்து வேண்டும், என்னை நல்ல வைத்தியசாலைக்கு மாற்றுங்கள்" என்று கேட்டால், அது வீரத்துக்கு இழுக்கா? இரப்பா? உரிமையா?

தம்பலகாமத்து மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் அவ்வயல்களின் ஓரமாகவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு வீதி செல்கிறது. அத்துறைமுகத்துக்கு 2009 பெப்ரவரியில் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பல் வந்தது. முதற் பயணத்தில் வந்தவர்கள் 240 பேருக்கு மேல். மார்ச் மாதத்திலிருந்து கப்பல்கள் புல்மோட்டைக்குச் சென்றன. அங்கே இந்திய வைத்தியர்கள் முகாம் மருத்துவமனை அமைத்திருந்தார்கள். மே மாதத்துக்குள் காயக்காரரும் நோயாளரும் அவர்களுக்குத் துணையாக வந்தோருமாக ஏறத்தாழ 14,000 பேர் கடல்வழி கொண்டுவரப்பட்டனர். இவர்கள் பொதுமக்கள் என்பதால் உலகம் இரங்கியது. ஆயுதம் ஏந்தியவன் காயப்பட்டுக் கிடந்தால் அவன்மீது அதே இரக்கம் செல்லுமா என்பதில்தான் நமது அறவுணர்வு தடுமாறுகிறது.

ஜெனீவா உடன்படிக்கை தடுமாறவில்லை. இலங்கை 1959 இல் ஏற்றுக்கொண்ட அவ்வுடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் காயக்காரரைத் திரட்டிப் பராமரிக்க வேண்டும் என்கிறது. நாடுகளுக்கிடையிலான போருக்கென எழுதப்பட்ட பன்னிரண்டாம் உறுப்புரை இன்னும் நுணுக்கமானது: யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் ஒன்றே தீர்மானிக்க வேண்டும். பதவி அன்று, இனம் அன்று, எந்தப் பக்கத்துச் சீருடை என்பதும் அன்று. குண்டு பட்ட கணத்தில் அவன் படையாளாக இருப்பது நின்று நோயாளியாகிறான் என்பதே இதன் உட்பொருள். நோயாளி கேட்பது கட்டளை மீறல் ஆகாது.

ஆனால் படைகள் அவனை அவ்வாறு பார்ப்பதில்லை. 1915 நவம்பரில் பக்தாத்துக்கு அருகே டெசிபோனில் நடந்த போரில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களும் ஆங்கிலேயரும் வில்லற்ற வண்டிகளில் குலுக்கி இழுத்துவரப்பட்டு, தைகிரிஸ் நதியில் படகுகளில் அடுக்கப்பட்டார்கள். பஸ்ராவை அடைந்த மெஜிதியே என்ற கப்பலில் சுமார் 600 பேர் நாட்கணக்கில் கட்டு மாற்றப்படாமல் தம் கழிவிலேயே கிடந்தார்கள். அதைக் கண்டு அறிக்கை எழுதிய மேஜர் கார்ட்டர் என்ற வைத்தியருக்கு மேலதிகாரிகள் தந்த பரிசு, கைது செய்வோம் என்ற மிரட்டல்! 1917 இல் விசாரணைக்குழு அவர் சொன்னதை மெய்ப்பித்தது. இந்தியாவுக்கான அமைச்சர் ஒஸ்ரின் சேம்பர்லின் பதவி துறந்தார். வைத்தியர் பேசியதற்கே இந்தக் கதி என்றால், படகில் கிடந்த சிப்பாய் பேசியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

ஒருவர் பேசத்தான் செய்தார். அதே 1915 இல் இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றிலிருந்து இந்தியக் காயக்காரர் ஒருவர் பெயரிடாமல் மன்னருக்கு ஒரு மனு எழுதினார். பதினொரு ரூபாய்ச் சம்பளத்துக்கு உயிரைக் கொடுக்கிறோம், காயப்பட்டு வந்தவனையே மீண்டும் மீண்டும் அகழிக்கு அனுப்புகிறார்கள் என்பது அதன் சாரம். "மாற்றி அனுப்புதல்" என்ற சொல்லுக்கு இரு திசைகள் உண்டு என்பதை அவர் கண்டுகொண்டார். காயக்காரன் வேண்டுவது உயிர் காக்கும் திசை. படை வேண்டுவது மறுபடியும் உபயோகப்படும் திசை. அவர் பெயரிடாததைக் கோழைத்தனம் என்று நாம் சொல்லமாட்டோம். அகழியில் நிற்பதற்கு வேண்டிய துணிவைவிட அந்த மனுவுக்குக் கூடுதல் துணிவு வேண்டியிருந்திருக்கும். அகழியில் அவரைச் சுற்றித் தோழர்கள் இருந்தார்கள். மனு எழுதியபோது அவர் தனியன். அவர் கேட்டதும் தனக்கு மட்டுமன்று, தம்மவர் அனைவருக்குமாகவே.

நம் காலத்துக்கு வருவோம். பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் காயத்தால் விலக்கப்பட்ட இலங்கைப் படைவீரர்கள் ஓய்வூதியம் கேட்டு 2017 இல் கொழும்பில் வீதிக்கு வந்தார்கள். நவம்பரில் அவர்களுக்கும் பொலிஸாருக்கும் மோதல் மூண்டது. "ரணவிரு" என்று மேடைதோறும் புகழப்பட்டவர்கள், புகழ்ந்த அரசின் வாசலிலேயே ஊன்றுகோலுடன் தள்ளப்பட்டார்கள். காயத்தைப் போற்றுவதற்குச் செலவில்லை. காயக்காரனின் கோரிக்கைக்குத்தான் செலவு.

எதிரணியில் காயப்பட்டவருக்கோ கேட்பதற்கு ஒரு வாசலும் இல்லை. போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்துவந்த ஏறத்தாழ 12,000 பேரில் கையிழந்தோர், காலிழந்தோர், முள்ளந்தண்டு முறிந்தோர் பலர். எந்தப் படையின் ஓய்வூதியப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. உடலுக்குள் உலோகத்துண்டோடு கிளினிக்குக்குப் போகிறவரிடம், காயம் எப்படி வந்தது என்று கேட்கும்போது அவர் தயங்குகிறார். அத்தயக்கத்தில் நாட்கள் கழிகின்றன, வலி முற்றுகிறது. கந்தளாய்ச் சிங்கள விவசாயியின் மகனாகிய சிப்பாய்க்கும் தம்பலகாமத்துத் தமிழ் விவசாயியின் மகனாகிய போராளிக்கும் ஒரே குளத்து நீர்தான் வயலுக்குப் பாய்ந்தது. இருவரும் ஒரே வாட்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தால், முதலில் யாருக்குக் கட்டு மாற்றுவது என்று தாதி பார்க்க வேண்டியது புண்ணின் ஆழத்தை.