சம்பளம் இல்லாத சம்பாத்தியம்

சில வாரங்களுக்கு முன் ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலையில் இருந்தான். கை நிறையச் சம்பளம். திடீரென்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். இப்போது வீட்டு மாடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாலைந்து கடைகளுக்கும், அமெரிக்காவில் இருவருக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறானாம். என்ன வேலை என்று கேட்டால் 'ஃப்ரீலான்ஸ்' என்கிறானாம். முடியப் போகும் நிலையில் இருந்த சம்பந்தமும் நின்றுவிட்டது. "மாப்பிள்ளை எந்தக் கம்பெனி?" என்று பெண் வீட்டார் கேட்டார்கள், சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை. "வேலைவெட்டி இல்லாதவன் என்று ஊரே பேசுகிறது. இவன் செய்வது சரிதானா? மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதற்கு விடை சொல்வது சுலபம். நமது பிக்ஹு நூல்கள் இந்த வேலைக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டன. கூலிக்கு உழைப்பவர்களை அவை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒருவருக்கே தம் நேரத்தை ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'. கேட்டு வருகிற எல்லாருக்கும் வேலை செய்து கொடுப்பவர் 'அஜீர் முஷ்தரக்'. ஹனபி மத்ஹபின் பிரபல நூலான ஹிதாயா, முன்னவருக்கு மாதக் கூலிக்கு ஆடு மேய்ப்பவரையும், பின்னவருக்குச் சாயம் தோய்ப்பவரையும் சலவைக்காரரையும் உதாரணம் காட்டுகிறது. ஆடு மேய்ப்பவர் குறித்த காலத்தில் வேலைக்குத் தயாராக நின்றாலே கூலி அவருக்கு உண்டு. முதலாளி வேலை கொடுக்காமல் விட்டது அவருடைய குற்றம் அன்று. சாயக்காரருக்கோ துணியில் சாயம் ஏறினால்தான் கூலி. மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை வேலை இல்லாதவர் என்று ஊரார் சொல்வது தவறு. அவர் சாயக்காரர்.

அந்தப் பாடத்திலேயே இன்னொரு சர்ச்சையும் வருகிறது. சாயக்காரரிடம் கொடுத்த துணி, அவர் செயல் எதுவும் இல்லாமல் தொலைந்து போனால் ஈடு கொடுப்பது யார்? அவர் மீது பொறுப்பில்லை என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு. அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுபும் முஹம்மதும் (ரஹ்), பெருந்தீ போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய ஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் செய்த வேலையிலேயே துணி கிழிந்துவிட்டால் ஈடு உண்டு என்பதில் இம்மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இன்று துணிக்குப் பதிலாகப் பிறருடைய கணக்கும் வங்கி விவரமும் நம் கையில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கெட்டுப் போய்விட்டது என்று கையை விரிப்பவர்கள் இந்தப் பாடத்தை ஓர் ஆலிமிடம் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே, ஆகுமா ஆகாதா என்பதில் சிக்கல் இல்லை. இந்தத் தொழில் எனக்கு ஆகுமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்தான் சிக்கல்.

மாதச் சம்பளக்காரர் கொடுப்பது நேரத்தை. இவர் கொடுப்பது வாக்கை. காலை ஒன்பதரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் சம்பளக்காரரின் நாளைக் கம்பெனியே நடத்திக் கொடுத்துவிடும். தலைக்கு மேல் யாரும் நிற்காத அறையில், அல்லாஹ் பார்க்கிறான் என்ற ஒரே எண்ணத்தோடு, சொன்ன தேதியில் வேலையை முடிப்பது வேறு விஷயம்.

நாமும் ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் இருந்தவர்கள்தாம். பதிப்பாளர் ஒருவருக்கு நோன்பைப் பற்றிய சிறு நூலொன்றை மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கினோம். ரமலானில் விற்க வேண்டிய நூல். ரஜப் முடிவதற்குள் தருவதாகச் சொன்னோம். இடையில் கூடுதல் கூலிக்கு வேறொரு வேலை வந்தது. இரண்டையும் முடித்துவிடலாம் என்று அதையும் எடுத்தோம். கையெழுத்துப் பிரதி போய்ச் சேர்ந்தது ஷவ்வால் பத்தில். அவர் கோபிக்கவில்லை. மீதிப் பணத்தைக் கவரில் போட்டு, "அடுத்த ரமலானுக்கு ஆகும்" என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கும்போது கை கூசியது. அந்தப் பணம் ஹலால்தானா என்று ஓர் ஆலிமிடம் போய்க் கேட்டோம். "வேலையைக் கொடுத்துவிட்டீர்கள், கூலியை அவரும் மனமுவந்து கொடுத்துவிட்டார். வாக்குத் தவறியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகுதான் போய்க் கேட்டோம்.

வாக்கு இரு பக்கத்துக்கும் உரியது. வேலையை வாங்கிக்கொண்டு கூலிக்கு அலையவிடுவோர் நம்மிலும் இருக்கிறார்கள். இது பழைய கதை. கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லர் தொழில் செய்தவர்கள். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகருக்கு வேலை செய்து கொடுத்துவிட்டுக் கூலி கேட்கப் போனார்கள். முஹம்மதை நிராகரித்தால்தான் தருவேன் என்றான் அவன். நீ இறந்து மீண்டும் எழுப்பப்படும் வரையிலும் அது நடவாது என்றார்கள் கப்பாப் (ரலி). அப்படியானால் எழுப்பப்பட்ட பின் எனக்கு அங்கே செல்வமும் மக்களும் இருப்பார்கள், அப்போது தருகிறேன் என்று அவன் ஏளனம் செய்தான். ஸூரா மர்யமின் 77 முதல் 80 வரையுள்ள வசனங்கள் இது குறித்தே இறங்கியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஒரு தொழிலாளியின் வராத கூலிக்கு வானத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. வேலை வாங்கிக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருக்கும் ஹதீஸும் அதே நூலில்தான் இருக்கிறது. பள்ளிவாசல் சுண்ணாம்படிப்புக்கும் மத்ரஸா விழா நோட்டீஸுக்கும் கூலி பாக்கி வைத்திருக்கும் நிர்வாகிகள் இதைக் கவனிக்கலாம்.

நாட்டுச் சட்டமும் இதில் கொஞ்சம் துணை நிற்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, 'உத்யம்' பதிவு செய்துகொண்டவரிடம் வேலை வாங்கியவர், எப்படி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த வட்டி நமக்கு வேண்டாம். முதலைத் தைரியமாகக் கேட்கலாம்.

இனி வீட்டுக்குள் வருவோம். நமக்குப் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். மனைவியின் ஜீவனச் செலவு கணவன் மீது கடமை என்பது தெரிந்ததே. ஷாபி மத்ஹபில் அந்தக் கடமை ஒவ்வொரு நாளும் பஜ்ரு உதயத்தோடு பிறக்கிறது. வசதியுள்ளவருக்கு இரண்டு முத்து தானியம், நடுத்தரமானவருக்கு ஒன்றரை, இல்லாதவருக்கு ஒன்று என்று அளவும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடன் நாள்தோறும் பிறக்கிறது. ஃப்ரீலான்ஸ்காரரின் வரவோ ஒரு மாதம் ஐம்பதாயிரம், அடுத்த இரண்டு மாதம் பூஜ்யம் என்று வருகிறது. இந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? தவக்குலைக் கொண்டு என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மையில் அதை நிரப்பிக்கொண்டிருப்பது மனைவியின் வளையலாகவும், வளைகுடாவில் இருக்கும் காக்காவின் பணமாகவும் இருக்கக் காண்கிறோம். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைக்காமல், வீட்டிலுள்ள பெண்களிடம் மஷூரா செய்யாமல் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது பிறர் தோளில் ஏறிப் போகும் பயணம். தனியாளாக இருப்பவர் துணியலாம். மூன்று பிள்ளைகளும் வீட்டு வாடகையும் உள்ளவர் முதலில் மாலை நேரங்களில் செய்து பார்க்கட்டும். கம்பெனி அனுமதித்தால்தான், கம்பெனி நேரத்தைத் திருடாமல்தான்.

கூலி பேசுவதிலும் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். முப்பதாயிரம் சம்பளம் வாங்கியவர், தனியாகவும் மாதம் முப்பதாயிரம் வந்தால் சரிக்குச் சரி என்று நினைத்துவிடுகிறார். சேமநிதியில் இவர் பங்குக்கு நூற்றுக்கு 12 என்றால் முதலாளியும் அதே அளவு போட்டுவந்தார். நோய்க்கு விடுப்பு இருந்தது. மின்சாரமும் கம்ப்யூட்டரும் கம்பெனியுடையவை. இனி எல்லாம் இவர் செலவு. இணையத்தில் வேலை பிடித்தால் தரகும் உண்டு; ஃபைவர் என்ற தளம் வேலை செய்பவரின் வரவில் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்கிறது. நேரம் நம் கையில், ஐந்து வக்தும் ஜமாஅத்தோடு தொழலாம் என்ற ஆசையும் சிலரை இழுக்கிறது. நல்ல ஆசை. ஆனால் நியூயார்க்கில் கோடைகாலத்துக் காலை பத்து மணி நமக்கு இரவு ஏழரை. அவர்களுடைய மாலை மூன்று மணி நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அதற்குப் பிறகு படுப்பவருக்கு பஜ்ரு என்னவாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'ஃப்ரீலான்ஸ்' என்ற சொல் வந்த வழியையும் சொல்லிவிடுவோம். 1819-ல் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் ஸர் வால்டர் ஸ்காட், எந்த மன்னனுக்கும் கட்டுப்படாமல் காசு கொடுத்தவனுக்காகப் போரிடும் கூலிப் படையினரை இந்தப் பெயரால் அழைத்தார். கட்டற்ற ஈட்டி என்பது பொருள். யாருக்காக ஈட்டியை எடுப்பது என்பதை எடுப்பவரே தீர்மானிக்கிறார். மதுக்கடைக்கு விளம்பரப் படம், வட்டிக் கடைக்குக் கணக்கு என்று வேலை வரும்போது, கம்பெனி சொன்னது, செய்தேன் என்று சொல்லும் சமாதானம்கூட இவருக்கு இல்லை. வரவு வறண்ட மூன்றாவது மாதத்தில் அப்படியொரு வேலை வந்து நிற்கும்போதுதான் ஒருவர் தம்மை அறிந்துகொள்கிறார்.

எல்லாமே கட்டற்றவையும் அல்ல. மேலப்பாளையத்தில் எத்தனையோ வீடுகளில் நம் பெண்கள் பீடி சுற்றி வந்திருக்கிறார்கள். இலையும் தூளும் ஒரே இடத்திலிருந்து வரும், பீடி அங்கேயே திரும்பிப் போகும், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை வைப்பதும் அவர்களே. வீட்டில் உட்கார்ந்து செய்வதால் மட்டும் அது சொந்தத் தொழில் ஆகிவிடாது. 1966-ம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமும் வீட்டிலிருந்து சுற்றுபவரைத் தொழிலாளராகவே கணக்கிட்டது. இன்று மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் பிள்ளைகளைக் கம்பெனிகள் 'பார்ட்னர்' என்று அழைக்கின்றன. கூலியையும் வழியையும் கம்பெனியே தீர்மானிக்கிறது. முதலாளியின் கடமை மட்டும் இல்லை. விலை சொல்லும் உரிமையும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லாத இடத்தில் சுதந்திரம் என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.

மாதச் சம்பளத்தை இளக்காரமாகப் பேசுவோருக்கும் ஒரு வார்த்தை. அபூபக்ரு ஸித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீபாவான பின்னரும் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள் என்று வரலாற்றில் வருகிறது. உமரும் அபூஉபைதாவும் (ரலி) வழியில் கண்டு, மக்கள் காரியத்தை யார் பார்ப்பது என்று தடுக்க, குடும்பத்துக்கு என்ன செய்வேன் என்று கேட்டார்கள். பைத்துல் மாலிலிருந்து ஒரு தொகை முடிவு செய்யப்பட்டது. கைத்திறன் இல்லாமலா அவர்கள் சம்பளத்துக்கு வந்தார்கள்? தோளில் ஏறிய பொறுப்பு அப்படி.

அந்தத் தாயாருக்குத் தனியே பதில் எழுதினோம். மகனிடம் வரவு வராத மாதத்துக்கு என்ன வைத்திருக்கிறார் என்றும், சொன்ன தேதிக்குக் கொடுக்காத வேலை எத்தனை என்றும் கேட்கச் சொன்னோம். பதில் மகனிடமிருந்தே வந்தது. இருப்பில் ஒன்றுமில்லை, தாமதமான வேலை இரண்டு, அமெரிக்காக்காரர் ஒருவர் நாலு மாதமாகப் பணம் தரவில்லை. இப்போது ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் காலை லுஹர் வரை கணக்குப் பார்க்கிறாராம். பிற்பகலில் தம் சொந்த வேலை. பெண் வீட்டாரிடம் உம்மா மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறார். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார்.