பெயர் இருக்கிறது, ஆள் எங்கே?

பிரான்ஸின் இப்போதைய மன்னருக்குத் தலை வழுக்கை என்று ஒருவர் சொன்னால் அது பொய்யா? பிரான்ஸில் மன்னரே இல்லை. ஆகவே பொய்தான் என்றார் 1905இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். மெய்யா பொய்யா என்ற கேள்வியே அங்கு எழவில்லை என்று 1950இல் மறுத்தார் இன்னொரு தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராசன்.

இணையதளம் கட்டுபவர்களுக்கு இந்தச் சண்டை அன்றாடப் பிழைப்பு. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளின் பயிற்சிப் பாடத்தில் ஒரு வாக்கெடுப்புச் செயலி வரும். அதன் டெம்ப்ளேட்டில், அதாவது பக்க வார்ப்புருவில், '/போல்ஸ்/34/' என்று முகவரியையே எழுதிவைக்கலாம். நாளைக்குப் பாதை '/போல்ஸ்/ஸ்பெசிஃபிக்ஸ்/34/' ஆனாலும் பக்கம் பழைய இணைப்போடு அழகாகத் திறக்கும், சொடுக்குபவருக்குத்தான் 'பக்கம் இல்லை' என்ற 404 பிழை. ரஸ்ஸல் சொன்ன பொய் இதுதான்.

மாறாக, 'டீட்டெயில்' என்ற பெயரையும் கேள்வியின் எண்ணையும் மட்டும் கொடுத்தால், பாதைப் பட்டியலைப் பார்த்து ஜாங்கோவே முகவரியைக் கட்டித்தரும். பாதை மாறினால் பட்டியலில் ஒரு வரி திருத்தினால் போதும். பட்டியலில் அந்தப் பெயரே இல்லையென்றால்? 'நோரிவர்ஸ்மேட்ச்' என்று பிழை காட்டி நின்றுவிடும், பக்கமே உருவாகாது. ஜாங்கோ ஸ்ட்ராசன் கட்சி!

ஒரே தளத்தின் இரண்டு செயலிகளில் 'டீட்டெயில்' இருந்தால், ஊரில் இரண்டு முருகேசன்களுக்கு இனிஷியல் கேட்பதுபோல, செயலியின் பெயரையும் சேர்த்து 'போல்ஸ்:டீட்டெயில்' என்று எழுத வேண்டும். அந்தப் பெயரையே மாற்ற யாராவது ஆசைப்பட்டால், பழையபடி ஒவ்வொரு டெம்ப்ளேட்டாகத் தேட வேண்டியதுதான்.