எத்தனை அடி தூரம்?

என் தமக்கை மகனுக்குப் போட்டோ பிடிப்பது தொழில் அல்ல, பைத்தியம். சென்ற மாசியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், கொல்லைப் புளியமரத்துப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை குஞ்சு பொரித்திருப்பதைக் கண்டுவிட்டான். முதல் நாள் முப்பது அடி தூரத்தில் நின்றான். மறுநாள் பதினைந்து அடி. மூன்றாம் நாள் மதிலில் ஏணியைச் சாத்தி, பொந்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டான்.

இரவு கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினான். முதலில் சற்று மங்கலாக இருந்தது. ஏதோ செய்தான், இறகு இறகாக எழுந்து நின்றது.

"இதெல்லாம் அங்கே இருந்ததா, நீ சேர்த்ததா?" என்றேன்.

"நான் எதையும் சேர்க்கவில்லை, மாமா. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற ஓரத்தில் இருட்டைக் கொஞ்சம் கூட்டி, வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டினேன். கண் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறது. லென்சில் விழாததை இதனால் கொண்டுவர முடியாது. அளவு மீறினால் சுவாமி படத்துப் பிரபை மாதிரி ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழும்."

ஃபிலிம் இருந்த நாளிலும் இருட்டறையில் இதைச் செய்திருக்கிறார்களாம். நெகடிவோடு அதன் மங்கலான பிரதி ஒன்றைச் சேர்த்து வைத்து அச்சிடுவார்களாம்.

"முகத்தில் எவ்வளவு கோபம் பாருங்கள்!" என்றான் பெருமையாக.

பின்னால் நின்ற என் மனைவி சொன்னாள்: "கோபமில்லையடா, பயம். சாயங்காலம் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? வாயில் இரையோடு கம்பியிலே உட்கார்ந்திருந்தது. நீ ஏணியை விட்டு இறங்குகிற வரைக்கும் பொந்துக்குப் போகவே இல்லை."

அவன் முகம் சுருங்கிவிட்டது.

இங்கிலாந்தில் எரிக் ஹாஸ்கிங் என்று ஒருவர் இருந்தார். பறவைகளைப் படம் பிடிப்பதில் பெரிய பெயர் எடுத்தவர். 1937-ல், இருபத்தேழு வயதில், வேல்ஸ் நாட்டில் ஓர் ஆந்தைக் கூட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஓர் இரவு மறைவிடத்தை நோக்கிப் போனபோது, ஆந்தை பறந்து வந்து முகத்தில் அறைந்தது. சிறகோரத்து மெல்லிய இழைகள் ஓசையை விழுங்கிவிடுவதால் அது வருவதே காதில் விழாது. இடது கண் போயிற்று. ஆனாலும் அவர் காமிராவை விடவில்லை. 1970-ல் வெளிவந்த சுயசரிதைக்கு 'பறவைக்கு ஒரு கண்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

அந்த மன உறுதியை வணங்குகிறேன். ஆனால் அந்த ஆந்தையின்மேல் என்ன குற்றம்? தன் வீட்டு வாசலில் நின்ற அந்நியனை விரட்டியது. எங்கள் கொல்லை ஆந்தைக்கு அந்த வலிமை இல்லை. அதனால் அது கம்பியில் உட்கார்ந்து காத்திருந்தது. எதிர்க்க முடியாத ஒன்று பேசாமல் இருந்தால், அதை நாம் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது என்ன நியாயம்?

மருமகனை இப்படிக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்று அன்றிரவு யோசித்தேன். பத்து வருஷங்களுக்கு முன், அடுத்த வீட்டுப் பெண்மணியை வைத்து ஒரு கதை எழுதினேன். எங்கள் ஜன்னலிலிருந்து அவர்கள் முற்றம் தெரியும். பார்த்தது கொஞ்சம். அதன் இருட்டைக் கூட்டினேன், வெளிச்சத்தையும் கூட்டினேன். கதை நன்றாக அமைந்துவிட்டது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒரு நாள் அந்த அம்மாள் வாசலில் நின்று சொன்னாள்: "படித்தேன், அண்ணா. எல்லாம் நடந்ததுதான். ஆனால் நான் அவ்வளவு அழவில்லை."

அவள் குரலில் கோபம் இல்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மறுநாளிலிருந்து அந்த ஜன்னல் சாத்தியிருந்தது.

ஓரத்தைக் கூர்மையாக்குவது சின்னப் பொய். அளவோடு செய்தால் மன்னிக்கலாம். ஏணி போட்டு ஏறுவதுதான் பெரிய தவறு என்று இப்போது நினைக்கிறேன். அப்படியானால் எத்தனை அடி தூரம் நியாயம்? அடிக்கணக்கு எனக்குத் தெரியாது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அந்த உயிர் தன் வேலையைத் தான் பார்க்க முடிகிறதா? முடிந்தால் நிற்கலாம்; முடியாவிட்டால் பின்வாங்க வேண்டும். ஆந்தைக்கே மிக அருகில் இருப்பது தெளிவாகத் தெரியாதாம். நமக்கும் அப்படித்தானோ என்னவோ!

மறுநாள் காலையில் மருமகன் ஏணியைத் தானே தூக்கிக் கொட்டகையில் போட்டான். அந்தியில் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு படம் எடுத்தான். சிறிய உருவம், வாயில் ஒரு வண்டு, பாதி உடம்பு பொந்துக்குள். மங்கல்தான். அதை அவன் கூர்மையாக்கவில்லை.

அடுத்த வீட்டு ஜன்னல் மட்டும் இன்னும் சாத்தியே இருக்கிறது.