நோயின் கதை யாருடையது?

கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் நெடுநாள் நோயாளி இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு மஞ்சள் பை ஆணியில் தொங்கும். எக்ஸ்ரே படங்கள், ஸ்கேன் அறிக்கைகள், எழுத்து மங்கிய மருந்துச் சீட்டுகள் எல்லாம் அதனுள் அடக்கம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓர் எண் கொடுத்திருக்கும்; வேலூர் சி.எம்.சி. இன்னோர் எண்; புதுவை ஜிப்மர் மூன்றாவதாக ஓர் எண். மூன்றுக்கும் உரியவர் ஒரே மனிதர்தான் என்பது அந்தப் பைக்கு மட்டுமே தெரியும். அதை மறந்து பேருந்து ஏறிவிட்டால் பரிசோதனைகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கூலி வேலை செய்வோருக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் பெருமழை நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, நெல்லோடும் துணியோடும் இத்தகைய பைகளும் நனைந்தன.

பை நோயாளியுடையது, அதிலுள்ள செய்தியோ அவருக்கு எட்டாதது. ஆங்கிலத்தில், அதிலும் மருத்துவரின் அவசரக் கையெழுத்தில், தம் உடலைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைப் படிக்க இயலாமல் ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிகின்றனர் நம் மக்கள்.

இந்நிலையை மாற்றும் முயற்சி தொடங்கிவிட்டது. 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, அண்டையிலுள்ள புதுவை உட்பட ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டமாக நடந்த திட்டம், 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்னும் பெயரில் நாடெங்கும் விரிந்தது. விரும்புவோருக்கு ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. பலரும் அஞ்சுவது போல எல்லாக் குறிப்புகளும் தில்லியில் ஒரே பெட்டியில் கொட்டி வைக்கப்படுவதில்லை. எந்த மருத்துவமனையில் ஒரு குறிப்பு உருவாயிற்றோ அங்கேயே அது இருக்கும். நோயாளி இசைந்தால் மட்டுமே வேறொரு மருத்துவர் அதைக் காணலாம். எந்தக் குறிப்பை, எவ்வளவு காலத்திற்கு என்று வரையறுக்கலாம். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் செய்யலாம். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகவும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உடையோரின் விவரங்கள் வீட்டு வாசலிலேயே பதிவாகின்றன.

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. நினைவிழந்து கிடக்கும் ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பதையோ, சிறுநீரகம் பழுதுபட்ட மூதாட்டிக்கு வலி மாத்திரை கூடாது என்பதையோ உரிய நேரத்தில் மருத்துவர் அறிந்தால் ஓர் உயிர் பிழைக்கும். ஆயினும் தொழில்நுட்பம் தீர்த்துவைக்க இயலாத ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒருவரது நோயின் கதை யாருடையது?

நோயாளிக்கே என்று விடை சொல்வது எளிது. நடைமுறையில் நாம் அப்படி நடந்துகொள்கிறோமா? இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அவரது குறிப்புகளைத் தரவேண்டும். கேட்கிறவர் எத்தனை பேர்? நம் ஊர்களில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் மருத்துவர் மகனைத் தனியே அழைக்கிறார். மகன் வெளியே வந்து, “வயிற்றுப் புண்தான் அப்பா” என்கிறார். இது அன்பினால் செய்யப்படுவதே. ஆனால் சாகப்போகிறவருக்குத் தம் சாவைப் பற்றித் தெரியாமலிருப்பதும், வீட்டிலுள்ள அனைவருக்கும் அது தெரிந்திருப்பதும் எத்தகைய நீதி? 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் தன் 22ஆம் விதியில், நோயாளியிடம் செல்லும் மருத்துவர் முதலில் ஆன்ம மருத்துவரை அழைக்குமாறு அவரைத் தூண்டவேண்டும் எனப் பணித்தது. தம் நிலையை அறியாத நோயாளி எப்படி அழைப்பார்? நோயில் பூசுதலுக்குக் குருவானவரை வீட்டிற்கு அழைத்துவிட்டு, “அவருக்கு ஒன்றும் தெரியாது, சாமி” என்று வாசற்படியில் தாழ்ந்த குரலில் எச்சரிக்கும் குடும்பங்களை என் உடன்பணியாளர்கள் அனைவரும் அறிவர்.

அதே சங்கத்தின் 21ஆம் விதி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யப் பணிக்கிறது. அங்கே குருவானவர் காயங்களில் திராட்சை இரசமும் எண்ணெயும் வார்க்கும் தேர்ந்த மருத்துவருக்கு ஒப்பிடப்படுகிறார். கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையும் விதிக்கப்படுகிறது. மருத்துவமும் இரகசியமும் அடுத்தடுத்த இரு விதிகளில் அருகருகே நிற்பதை எண்ணிப் பார்க்கலாம். எனினும் இரண்டும் ஒன்றல்ல. பாவசங்கீர்த்தன முத்திரைக்கு விதிவிலக்கே கிடையாது. மருத்துவர் காக்கும் இரகசியத்திற்கோ, பிறருக்குப் பெருங்கேடு நேரும் வேளையில் விலக்கு உண்டு என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏற்கிறது. பழைய ஒழுக்க இறையியல் நூல்கள் இரகசியத்தை மூவகையாகப் பிரித்தன: இயல்பாகவே மறைக்க வேண்டியது, மறைப்பதாக வாக்களித்தது, ஒப்படைக்கப்பட்டது. மருத்துவக் குறிப்பு மூன்றாம் வகை. வெளியூர் செல்பவர் அண்டை வீட்டாரிடம் வைத்துச் செல்லும் அடைக்கலப் பொருள் போன்றது அது. வைத்திருப்பவர் அதைக் காக்கலாம். தமதாகக் கருத இயலாது.

விலக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். சென்னையில் உறவினர் ஒருவருக்காக இரத்தம் கொடுக்க வந்தவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்து, செய்தி வெளியே பரவி, நிச்சயித்த திருமணம் நின்றது. அவர் தொடுத்த வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், மணக்கவிருந்த பெண்ணின் உயிர் அவரது அந்தரங்கத்தைவிடப் பெரிது என்றது. அத்துடன் நில்லாது, அத்தகையோரின் திருமண உரிமையைப் பற்றியும் பேசிற்று. அது தேவையற்ற பேச்சு என்று 2002இல் அதே நீதிமன்றம் திருத்திக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இன்னும் நுட்பமானது. வாழ்க்கைத் துணைக்கு மருத்துவர் அறிவிக்கலாம். அதற்கு முன் நோயாளியே சொல்லும்படி அவருக்கு ஆலோசனை தரவேண்டும். சொல்வதால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்னும் நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்களைப் பொறுத்தவரை, அறிவிக்கவே கூடாது. உண்மைகூட ஒரு பெண்ணின் மேல் கல்லாக எறியப்படலாம் என்பதை இச்சட்டத்தை வரைந்தோர் உணர்ந்திருக்கின்றனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் இசைவு என்பது பெரும்பாலும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்தான். அந்தக் கைப்பேசி யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது? நம் பங்கின் மூதாட்டியர் பலரது பெயருக்கு நேரே மகனின் அல்லது பேரனின் எண் பதிவாகியுள்ளது. புதிதாக மணமாகி வந்த பெண்ணுக்குக் கணவரின் எண். கணவர் வெளிநாட்டில் என்றால் மாமனாரின் எண். சிலருக்கு, பதிவு செய்து கொடுத்தவரின் எண்ணே பதிந்திருக்கவும் கூடும். இசைவு தருபவர் நோயாளி என்று திட்டம் சொல்கிறது. இசைபவர் கைப்பேசி வைத்திருப்பவர். மஞ்சள் பையில் புரியாத ஆங்கிலமாய்க் கிடந்த கருச்சிதைவும் மனநல மாத்திரையும், இனி ஒரு விரல் அசைவில் மாமியார் காதுக்கு எட்டும்.

“மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?” என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. பெண் பார்க்கும் படலத்தில் வலிப்பு, காசநோய், குழந்தைப்பேறு என்று எதையெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறோம் என்பதை அவர்கள் மறந்துவிட்டனர். வலிப்பு நோயைக் காரணம் காட்டி ஒரு மணத்தைச் செல்லாததாக்கும் வழியை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து நீக்குவதற்கே 1999 வரை ஆயிற்று. சட்டம் மாறியது, விசாரிப்பு நின்றபாடில்லை. வீடுதேடி வரும் தன்னார்வலரும் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்தான். அவர் செய்வது அரிய தொண்டு. ஆனால் குழாயடியில் அவர் வாய் தவறிச் சொல்லும் ஒரு சொல், எந்தக் கணினித் திருட்டையும்விட விரைவாகப் பரவும்.

கணினித் திருட்டும் கற்பனையன்று. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் பேனாவும் தாளுமாகப் பணி நடந்தது. பின்லாந்தில் வஸ்தாமோ என்னும் உளநல நிறுவனத்தின் குறிப்புகளைத் திருடியவன், 2020இல் நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் அனுப்பிப் பணம் கேட்டான். மனம் திறந்து அழுத வார்த்தைகளுக்கு விலை வைத்தான். நம் நாட்டில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது நல்லதே. ஆனால் சட்டத்தின் கை, கணவனின் சட்டைப்பை வரை நீளாது.

நற்செய்தியாளர் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் காட்டும் பெண்ணை இங்கே நினைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கு. மருத்துவர் பலரிடம் சென்று சொத்தெல்லாம் செலவழித்தவர். திருச்சட்டப்படி தீட்டுள்ளவர் என்பதால், கூட்டத்தில் அவர் நிற்பதே குற்றம். யாரும் அறியாமல் ஆடையைத் தொட்டு நலம் பெற்றார். தம்மைத் தொட்டவர் யார் என்று ஆண்டவர் கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சாகும் தறுவாயில் இருந்த சிறுமியின் தந்தை யாயிர் அருகிலேயே தவித்துக்கொண்டு நிற்கிறார், ஆனாலும் காத்திருந்தார். சீடர்கள் அந்தப் பெண்ணைப் பிடித்து இழுத்து வரவில்லை. பழைய மருத்துவர்கள் எவரும் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. அச்சத்தோடும் நடுக்கத்தோடும் அவரே முன்வந்து தம் கதை முழுவதையும் தம் வாயால் சொன்னார். அவரை ஆண்டவர் அழைத்தது மகள் என்று.

மறையுரைகளில் இப்பகுதியை நம்பிக்கையின் பாடமாகவே விளக்கி வருகிறோம், தவறில்லை. ஆனால் நோயின் கதையைச் சொல்ல உரிமையுள்ளவர் யார் என்பதும் அங்கே தெளிவாக இருக்கிறது. நம் மக்களுக்காக உருவாகும் எந்த ஏற்பாட்டையும் நான் இதைக் கொண்டே அளப்பேன்: அந்தப் பெண் தாமாகப் பேசும்வரை அது காத்திருக்குமா, அல்லது அவருக்காக வேறொருவர் பேசிவிடுவாரா?

பதிவு செய்ய முதியோருக்கு உதவும் நம் இளைஞர் குழுக்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. எண்ணைக் கேட்டவுடன் எழுதிவிடாமல், அந்த அம்மாவை மகனிடமிருந்து சற்றுத் தள்ளி அமர்த்தி, “இந்த எண்ணுக்கு வரும் செய்தியை யார் படிப்பாங்க? அவங்க படிக்கலாமா?” என்று கேட்கவேண்டும். படிக்கலாம் என்றால் மகனின் எண்ணே போதும். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள், மனநிறைவோடு சொல்வார்கள். தயங்கினால் அவர் பெயரிலேயே ஓர் எண் வாங்கித் தர வழி தேடலாம். அதுவரை மஞ்சள் பையோடேயே போய்வரட்டும். ஆபா எண் கட்டாயமன்று, அது இல்லாததால் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதையும் அப்போதே அவருக்குச் சொல்லிவிடவேண்டும். மறுக்கிறார்கள் என்றால் உடன் சென்று பேச ஓர் ஆளும் வேண்டும்.